வரிசை தெரிந்த நாய்

நாய் பார்த்துச் சொல்வது என் தொழில். இதைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. நாய்க்கு இன்டர்வியூவா என்று கேட்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வளர்ந்த காவல் நாயை ஒரு குடும்பம் வீட்டுக்குக் கூட்டிப்போகும் முன், அந்த வீட்டுக்கு அது ஆகுமா ஆகாதா என்று நான் சொல்வேன். குட்டி என்றால் நாம் வளர்க்கிறபடி வளரும். கேட்டுக்குள் வருகிறவனையெல்லாம் கவ்விப் பழகிய நாய் அப்படியா? அதன் தலைக்குள் யாரோ எப்போதோ எதையோ சொல்லிக்கொடுத்து வைத்திருப்பார்கள். அது என்னவென்று தெரியாமல் அதைக் குழந்தையோடு படுக்க வைக்க முடியாது.

எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம், கோபமும் அதிகம். நாய்களிடம் மட்டும் அது வராது. நாய் என்னை ஏமாற்றியதில்லை என்பதுதான் காரணம் என்று போன மாதம்வரை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தையல்காரப் பெண் என்னைத் தேடி வந்தபோது கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. கடையும் வீடும் ஒன்றேதான். முன்னால் தையல் மெஷின்கள், பின்னால் ஒரே அறை. புருஷன் எப்போதோ கையை உதறிக்கொண்டு போய்விட்டான். கடையில் இரண்டு முறை திருட்டு. இரண்டாவது முறை திருடன் மெஷினைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது இவளும் மூன்று வயசு மகளும் பின்னறையில் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

"அன்னையிலருந்து தூக்கமே இல்லக்கா. கத்தரிக்கோலைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுப் படுக்கறேன். ஒரு காவல் கம்பெனியில வளந்த நாய் ஒண்ணு, கேப்டன்னு பேராம், சும்மாவே குடுக்கறாங்களாம். நீங்க சரின்னா கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள்.

"எந்தக் கம்பெனி?"

அவள் சொன்னதும் எனக்கு மனசு இலேசாகிவிட்டது. என் தங்கை வேலை பார்க்கிற கம்பெனி. காவல் ஒப்பந்தம் முடிந்த இடங்களிலிருந்து திரும்பி வருகிற நாய்களை வீடுகளுக்குக் கொடுப்பது அவள் பிரிவுதான். ஒரு வருஷமாக அவள்தான் எனக்கு இப்படி ஆட்களை அனுப்பிவைக்கிறாள். அனுப்பிய நாய்களும் சோடை போனதில்லை.

தங்கை என்றால் சும்மா இல்லை. எனக்கு எட்டு வயசு இளையவள். அம்மா வேலைக்குப் போனபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். தலைவாரி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் அவளோடு சண்டை போட்டவளின் வீடுவரை போய்த் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். வளர்ந்த பிறகு என்னோடுதான் வேலைக்கு வந்தாள். என் பையைத் தூக்குவாள், குடை விரிப்பாள், முன்பின் தெரியாத ஆள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு கேட்டைத் தட்டுவாள். மாதச் சம்பளம் வருகிற வேலை கிடைத்ததும் நானே போ என்று அனுப்பிவைத்தேன்.

அன்று ராத்திரி போன் செய்தேன். "அந்தக் கேப்டன்ங்கற நாய் எப்படிடீ?"

"எனக்கென்னக்கா தெரியும். ஆபீஸ் வேலைக்கே நேரம் பத்தல. கிட்டப் போய்க்கூடப் பாத்ததில்ல. நீ வந்து பாரு, சரியில்லன்னா வேணாம்னு சொல்லிடு" என்றாள்.

"குழந்தை இருக்கற வீடுடீ."

"தெரியும்க்கா. அதனாலதான் உன்னைப் பாக்கச் சொன்னேன்."

இதைவிட ஒருத்திக்கு என்ன வேண்டும்? நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

கம்பெனியின் பின்பக்கம் சிமெண்ட் முற்றம். ஒரு பக்கம் நாய்க்கூண்டுகள், எதிர்ப்பக்கம் கம்பி வலை, அதற்கு அப்பால் ஆபீஸ் கட்டிடத்தின் ஜன்னல்கள். கூண்டுகளைக் கழுவிச் சாப்பாடு போடுகிறவரை எல்லோரும் மப்ளர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டிருப்பார். எப்போது பேசினாலும் பாதி அதற்குள்ளேயே போய்விடும்.

தையல்காரி எனக்கு முன்பே வந்து வலைக்கு வெளியே நின்றிருந்தாள். மகளைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையில் ஒரு பெரிய மூட்டை. என்னவென்று கேட்டால், மிச்சத் துணியையெல்லாம் ஒட்டுப்போட்டு நாய்க்கு மெத்தை தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இன்னும் நாயே தேறல. அதுக்குள்ள மெத்தையா?" என்றேன்.

"தேறிடும்க்கா" என்று சிரித்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

என் பரிசோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வாயைத் திறக்காமல் கூண்டைக் கடந்து போவேன். பிறகு நாயை முற்றத்துக்குக் கொண்டுவந்து, அதன் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை விழவிடுவேன். அடுத்தது சாப்பாட்டுத் தட்டு. அது தின்றுகொண்டிருக்கும்போது நீளக் குச்சியில் கட்டிய ரப்பர் கையை நீட்டித் தட்டை இழுப்பேன். அதன்பின் இடதுபக்கத்திலிருந்து திடீரென்று குடை விரியும். தொப்பியும் மழைக்கோட்டும் போட்ட ஆள் வந்து கேட்டைத் தட்டுவார். கடைசியாக, சக்கரம் வைத்த குழந்தைப் பொம்மையை அதன் மூக்குக்கு முன்னால் உருட்டுவேன். இந்த வரிசையை நான் மாற்றியதே இல்லை. ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு மாதிரி செய்தால் ஒன்றை மற்றொன்றோடு எப்படி ஒப்பிடுவது?

வாயைத் திறக்காமல் கூண்டைக் கடந்துபோய் வந்தபின், மப்ளர் கேப்டனை நீளக் கயிற்றில் கூட்டிவந்தார். கருத்த, அகன்ற மார்புள்ள நாய். ஒரு காது மட்டும் நுனி கிழிந்திருந்தது. என்னைப் பார்த்தது, மோந்தது, போதும் என்பதுபோல உட்கார்ந்தது. அழகான நாய். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போனது.

சாவியைப் போட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டை வைத்தேன். ஆவலாகத் தின்றது. நான் ரப்பர் கையை எடுக்கப் பை இருந்த பக்கம் நகர்ந்தேன். பையின் ஜிப்பைத் தொடக்கூட இல்லை. கேப்டன் தின்பதை நிறுத்தி, தட்டைவிட்டு இரண்டடி பின்னால் போய், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டது.

வலைக்கு வெளியே தையல்காரி கைதட்டினாள். "எவ்வளவு மரியாதை பாருங்கக்கா."

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மனசுக்குள் ஏதோ இடறியது. மரியாதை தெரிந்த நாய், கை வரும்போது விலகும். இது கை வருவதற்கு முன்பே விலகியது. பையைப் பார்த்து விலகியது.

சரி, பார்ப்போம் என்று குடையைக் கையில் எடுக்காமல் அப்படியே நின்றேன். பேசவில்லை, அசையவில்லை. கேப்டன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தது. பிறகு மெல்லத் தலையை இடதுபக்கம் திருப்பியது. அங்கே யாரும் இல்லை, எதுவும் இல்லை. வெறும் சுவர். இன்னும் ஏன் குடை விரியவில்லை என்று கேட்பதுபோல அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குடை வராததால் எழுந்து, தானாகவே கேட்டுப் பக்கம் நடந்துபோய்ப் படுத்து, தாடையைத் தரையில் வைத்துக்கொண்டது. அடுத்து மழைக்கோட்டு ஆள் வரவேண்டிய இடம் அது.

கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியாகியிருந்தது. என் பரிசோதனையை ஒரு தடவையல்ல, நாள்கணக்கில் யாரோ இந்த நாயோடு உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

மப்ளர்மேல் பாய்ந்தேன். வேறு யார் இருக்கிறார்கள் அங்கே? "எத்தனை நாளா இந்த வேலை நடக்குது? யாரு சொல்லிக் குடுத்தா இதையெல்லாம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் சோறு போடுவேன், கூண்டு கழுவுவேன், அஞ்சு மணிக்குக் கெளம்பிடுவேன்." அவர் கண்கள் என்னைத் தாண்டி எங்கோ போய்த் திரும்பின. மனுஷன் பொய் சொல்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் பார்த்த பக்கத்தை நான் திரும்பிப் பார்த்திருந்தால் அங்கே ஆபீஸ் ஜன்னல் தெரிந்திருக்கும்.

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கும் பேரப்பிள்ளைங்க இருக்கும்."

அவர் மப்ளருக்குள் ஏதோ முனகினார். எனக்குக் காதில் விழவில்லை.

தையல்காரி வலையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா ஆச்சு? நல்லாத்தானே பண்ணுது?" என்றாள்.

நல்லாத்தான் பண்ணுகிறது. அதுதானே சிக்கல். இப்போது எனக்குத் தேவை, யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாத ஒன்று. மூன்று வயசுப் பெண் ஒரு நாள் முழுக்க என்ன செய்வாள் என்று யோசித்தேன். குடையா விரிப்பாள்? ஓடுவாள், தடுக்கி விழுவாள், விழுந்து வீலென்று கத்துவாள்.

பஞ்சு அடைத்த தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டேன். மப்ளரிடம் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். அவர் தலையாட்டினார், சுற்றவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. முற்றத்தின் குறுக்கே ஓடினேன். இந்த வயசில், இந்த உடம்போடு. பாதியில் வேண்டுமென்றே முழங்கால் குத்தி விழுந்து, மெல்லிய குரலில் கத்தினேன்.

கேப்டன் குரைக்கவே இல்லை. மப்ளரின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு வருகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நொடி ஒரு மூட்டை வந்து மேலே விழுந்தது போல இருந்தது. என் தோளுக்குக் கீழே அதன் வாய் பூட்டிக்கொண்டது. பஞ்சைத் தாண்டிப் பல் இறங்கவில்லை. ஆனால் எலும்பு நொறுங்குகிற மாதிரி ஓர் அழுத்தம். உறுமல் இல்லை, கோபம் இல்லை. ஓடுகிறவனைப் பிடி, விழுந்தால் விடாதே என்று யாரோ சொல்லிக்கொடுத்த வேலையை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

"கேப்டன், விடு. கேப்டன்" என்று மப்ளர் கத்தினார். காதில் வாங்கவே இல்லை. நான் அசையாமல் கிடந்தேன். அசைந்தால் பிடி இறுகும் என்று தெரியும். அந்தப் பிடிக்குள் ஒரு குழந்தையின் கையை வைத்து நினைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆபீஸ் கதவு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள் ஓடி வந்தன.

"தம்பி. விட்ருடா தம்பி. போதும், வா."

வாய் திறந்தது. அவ்வளவுதான். சொன்ன மாத்திரத்தில் விட்டுவிட்டு அது ஓடிப்போய், என் தங்கையின் இடதுகாலோடு ஒட்டி நின்றுகொண்டது. தலையை அவள் தொடையில் சாய்த்தது. அவள் கை தானாகவே இறங்கி அந்தக் கிழிந்த காதைப் பிடித்துக்கொண்டது. கிட்டப் போய்க்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னாளே, அந்தக் கை.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. சின்ன வயசில் அவள் ஒரு தம்பி வேண்டும் என்று அழுவாள். எனக்கு அப்போது அது நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது.

தரையில் உட்கார்ந்தபடியே கேட்டேன். "எத்தனை நாளாடீ?"

"அக்கா, மொதல்ல கையக் காட்டு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம். மப்ளர் அண்ணன் கெளம்பினதுக்கப்புறம்."

குடை விரித்தவளும் அவளே, மழைக்கோட்டு போட்டவளும் அவளே. என் வரிசையை என்னைவிட நன்றாக அறிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான். பாவம் அந்த மப்ளரைப் போய்ப் பிடித்துத் திட்டினேன். இவளை நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. தன் கையைத் தானே சந்தேகப்படுகிறவர் யார்?

"நீ தேறலன்னு சொன்னா அன்னைக்கே ஊசி போட்டுடுவாங்கக்கா. நீ சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவ. மயங்கற வரைக்கும் தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது நானு. உனக்குத் தெரியுமா அது எப்படியிருக்கும்னு?" அவள் குரல் உடைந்தது. "உனக்கு ஆள் அனுப்ப ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு தடவ பிடிச்சேன். நாலாவது தடவ என்னால முடியல."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா நீ என்ன பண்ணுவ? ரூல்னா ரூல்தான்னு சொல்லுவ."

சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம். "மூணு வயசுப் புள்ள இருக்கற வீடுன்னு தெரியும் உனக்கு. தெரிஞ்சேதான் அனுப்பின."

"இவன் நல்லவன்க்கா. என்னைப் பாத்து ஒரு தடவகூட உறுமினதில்ல. சத்தியமா இப்படிப் பிடிப்பான்னு எனக்குத் தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னாள். "உன் டெஸ்ட்ல விழறது இல்லையேக்கா."

பரீட்சையில் வருவதை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வராததை அவளும் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை.

வலைக்கு வெளியே தையல்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. "என் பொண்ணு நாள் பூரா விழுந்துக்கிட்டேதான் இருப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என் தங்கையைப் பார்த்து, "நீங்களும் ஒரு பொம்பளதானே" என்றாள். தையல்காரி மெத்தை மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று ராத்திரியும் அவள் தலகாணிக்கு அடியில் கத்தரிக்கோல் இருக்கும்.

மப்ளர் கேப்டனைக் கூண்டுக்குக் கூட்டிப்போனார். அது திரும்பித் திரும்பித் தங்கையையே பார்த்துக்கொண்டு போயிற்று. நான் கோட்டைக் கழற்றினேன். தோளுக்குக் கீழே நாலு பல்லின் தடம் நீலமாகப் பதிந்திருந்தது. வலித்தது. ஆனால் எனக்கு அந்த நாயின்மேல் துளிக்கூட வருத்தமில்லை. அது எனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தவள் எதிரே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தூக்கி வளர்த்த இடுப்பே வலிப்பதுபோல இருந்தது.

அப்போதுதான் அது உறைத்தது. ஒரு வருஷமாக இவள் அனுப்பிய நாய்கள் எல்லாமே தேறியிருக்கின்றன. எல்லாமே. ஆஹா, என் தங்கைக்கு என்ன கண் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனேன்.

"இது ஒண்ணுதானாடீ?" என்றேன்.

அவள் கூண்டுப் பக்கம் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். இந்த நாய் ஒண்ணுக்குத்தான் சொல்லிக் குடுத்தியா?"

"இன்னும் ரெண்டு" என்றாள் மெதுவாக. "ஒண்ணு மரக்கடை கோடவுன்ல இருக்கு. அங்க யாரும் குழந்தைங்க இல்ல."

"இன்னொண்ணு?"

"ரெட்டைப் பொண்ணுங்க வீட்டுல."

போனை எடுத்தேன். அந்த வீட்டு நம்பரைத் தேடினேன். அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, வேணாம். எட்டு மாசமா ஒரு பிரச்சனையும் இல்ல. சொன்னா அவனைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அவனும் போயிடுவான், என் வேலையும் போயிடும்." கையை உதறினேன்.

எடுத்தது அம்மா அல்ல. இரட்டையரில் ஒருத்தி. பின்னால் இன்னொருத்தியின் சிரிப்புச் சத்தம்.

"அம்மா எங்கம்மா?"

"மாடியில துணி காயப்போடறாங்க. நாய் ஆன்ட்டியா? நாங்க இவன்கூட ஓடிப்பிடிச்சு விளையாடறோம். இவன்தான் எப்பவும் பிடிக்கறான்."

"கண்ணு, விளையாட்டை நிறுத்து. ரெண்டு பேரும் இருக்கற இடத்துலயே நில்லுங்க. அங்கயே நின்னு அம்மாவைக் கூப்பிடு" என்றேன்.

"ஏன் ஆன்ட்டி? நீங்கதானே இவன் ஒண்ணும் பண்ணமாட்டான்னு சொன்னீங்க?"

"கூப்பிடும்மா" என்றேன். அவள் கூப்பிட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகுதான் யாரோ படியிறங்கி வரும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா" என்றாள் அவள் அம்மா, ஈரக்கையோடு போனை வாங்கிய மாதிரி.

"நாயைக் கூட்டிட்டுப் போய்ப் பின்பக்கம் கட்டுங்க. பதறாம, மெதுவா. கட்டிட்டுப் பேசுங்க."

அவள் எதுவும் கேட்காமல் போய்க் கட்டிவிட்டு வந்தாள். நான் சொன்னால் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நடந்ததைச் சொன்னேன். அவள் நாயை நான் பார்த்துச் சொன்னது செல்லாது என்றேன்; யாரோ முன்னாடியே எல்லாம் சொல்லிக்கொடுத்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், உங்களையும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்றேன். சாயந்திரமே நேரில் வருவதாகச் சொன்னேன்.

"குழந்தைங்க அதும் மேலதான்க்கா படுத்துத் தூங்கும்" என்றாள். பிறகு குரல் மாறியது. "யாருக்கா? இப்படி ஒரு வேலையப் பண்ணது யாரு?"

தங்கை என் எதிரே நின்றாள். இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சொல்லாதே என்று தலையை மட்டும் அசைத்தாள். சின்ன வயசில் அம்மாவிடம் மாட்டிவிடாதே என்று கெஞ்சும்போதும் இப்படித்தான் நிற்பாள். அப்போதெல்லாம் நான் மாட்டிவிட்டதே இல்லை.

"எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்றேன்.